சாப்பாட்டின் விலையும் சாப்பாட்டு நேரமும்: காவிரிப் படுகை உணவகங்களின் கணக்கு

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோயில்களில் பெரும்பாலானவை உச்சிக்காலப் பூசை முடிந்து 12.30 மணி வாக்கில் நடை சாத்திவிடும். மறுபடி திறக்க மாலை 4 மணி ஆகும். சூரியனார்கோயில், கஞ்சனூர், ஆலங்குடி, திருநாகேசுவரம் என்று நவகிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று வேனிலும் காரிலும் கிளம்பி வந்தவர்கள் அத்தனை பேரும், ஒரு மணிக்கு ஏதாவது ஓர் ஊர்க் கடைத்தெருவில் இறங்கிச் சாப்பிட இடம் தேடுவார்கள். நீதிமன்றம், வட்டாட்சியர் அலுவலகம், வங்கி, அரசு மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து உள்ளூர்க்காரர்கள் வெளியே வருவதும் அதே ஒரு மணிக்குத்தான். 11 மணிக்கு வெறிச்சோடிக் கிடந்த கூடத்தில் அப்போது நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கும். அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள், ஏறத்தாழ ஒரே வட்டாரத்தில், 5 ரூபாய்க்கும் பசியாறலாம், 500 ரூபாய்க்கும் பசியாறலாம். 10 நிமிடத்தில் எழுந்து போகவும் செய்யலாம், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கவும் செய்யலாம். இந்த விலைக்கும் இந்த நேரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

வணிகர்களுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று வாரம் முழுவதும் சுற்றுவதால் மதியச் சாப்பாடு பெரும்பாலும் வெளியில்தான். நான் கணக்கு எழுதுகிறவர்களில் மெஸ் நடத்துபவர், சைவ ஓட்டல்காரர், பிரியாணிக் கடைக்காரர், ஏசி உணவகம் வைத்திருப்பவர் என்று எல்லா வகையினரும் உண்டு. இப்போது கணினியில் பில் போடும் இடங்களில் ஆர்டர் எடுத்த நேரம், பில் போட்ட நேரம் இரண்டும் பதிவாகிவிடுகின்றன. மாதக் கணக்கைச் சரிபார்க்கும்போது தொகையோடு சேர்த்து அந்த நேரங்களும் கண்ணில் படும். அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியான ஒன்று உண்டு. உணவகங்களைச் சைவம், அசைவம் என்றோ, ஏசி உள்ளது, இல்லாதது என்றோ பிரிப்பதைவிட, சமையல் நாம் வருவதற்கு முன்பே முடிந்துவிட்ட இடம், நாம் வந்து சொன்ன பிறகே தொடங்கும் இடம் என்று பிரித்தால் விலையும் நேரமும் தெளிவாக விளங்கும்.

மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். காலை 9.30 மணிக்கு மெஸ் முதலாளி ஒரு முடிவெடுக்க வேண்டும்: இன்று எத்தனை படி அரிசி களைவது? அந்த முடிவுக்கு முன்னால் அவர் மனத்தில் ஓடும் கணக்கு சாதாரணமானதன்று. இன்று முகூர்த்தமா என்று பார்ப்பார். முகூர்த்த நாளில் உள்ளூர்க்காரர்கள் பலர் கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிடுவார்கள், ஆனால் இலை விலையோ திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து வரும்போதே ஏறியிருக்கும். நீதிமன்றம் நடக்கிறதா, மருத்துவமனையில் எந்தச் சிறப்பு மருத்துவர் பார்க்கும் நாள், பிரதோஷமா, கிருத்திகையா, புரட்டாசி சனிக்கிழமையா, நடவு நடக்கிறதா, அறுவடையா என்று அத்தனையும் பார்ப்பார். குறுவை நடவு மும்முரமாக இருக்கும்போது கிராமத்திலிருந்து டவுனுக்கு வரும் கூட்டம் குறையும். நெல் கொள்முதல் பணம் வங்கிக் கணக்கில் ஏறும் வாரங்களில் கூட்டம் கூடும். இவ்வளவையும் யோசித்து உலையில் அரிசியைப் போட்டுவிட்டால் அதன் பிறகு மாற்ற முடியாது. சோறு மிஞ்சினால் நட்டம் அவருடையது. பற்றாமல் போனால் இரண்டு மணிக்கே ‘சாப்பாடு தீர்ந்துவிட்டது’ என்று பலகையைத் தொங்கவிட வேண்டும். திரும்பிப் போனவர் மறுநாள் வேறு கடையைப் பார்ப்பார்.

அரிசியைச் சொன்னதால் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான, பெயர்ச்சீட்டு ஒட்டிப் பொதியப்பட்ட அரிசிக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. அதன் பிறகு கடைகளுக்கு 26 கிலோ மூட்டைகள் வரத் தொடங்கின. மெஸ்களின் கொள்முதல் பில்லில் 26 கிலோ என்று பார்த்துத் தவறாக அச்சாகிவிட்டதோ என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தவறு ஏதும் இல்லை, அந்த ஒரு கிலோவில் வரி நின்றுவிடுகிறது. நூறு ரூபாய்ச் சாப்பாட்டை நூறு ரூபாயிலேயே நிறுத்திவைப்பதற்கு இப்படிப்பட்ட சிறு சேமிப்புகள் எல்லாம் தேவைப்படுகின்றன.

சமையல் முன்பே முடிந்துவிடுவதால் மெஸ்ஸில் சாப்பிட வருபவருக்குக் காத்திருப்பு மிகக் குறைவு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் நான் வழக்கமாகச் சாப்பிடும் இடத்தில் முதலில் டோக்கன் வாங்க வேண்டும். உட்கார்ந்ததும் இலை விழும். தண்ணீர் தெளித்துத் துடைப்பதற்குள் பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளம் வந்துவிடும். இரண்டாவது நிமிடத்தில் சோற்றுக் கூடை தலைக்கு மேல் நிற்கும். அங்கே பரிமாறும் பெரியவர் ஒருவர், நான்கு கிண்ணங்களை ஒன்றாகப் பொருத்திய குழம்புத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பார். அவர் பார்வை சாப்பிடுபவரின் முகத்தில் இருக்காது, இலையில்தான் இருக்கும். சாம்பார் சோறு மூன்று பிடி மிச்சமிருக்கும்போதே ‘வத்தக்குழம்பா, ரசமா சார்?’ என்று கேட்டுவிடுவார். கேட்டு வாங்க வேண்டிய தேவையே நமக்கு வராது. மோர்ச் சோறு முடியும் தறுவாயில் எச்சில் தொட்டியோடு இன்னொருவர் பக்கத்து மேசைக்கு வந்திருப்பார். டோக்கன் வாங்கியது முதல் கை கழுவி வெளியே வருவது வரை 20 நிமிடம், மிஞ்சினால் 25. அதில் உண்மையாக வாயும் கையும் வேலை செய்யும் நேரம் 15 நிமிடத்துக்கு மேல் இருக்கும்.

சாப்பிடும் நேரம் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் பல நேரங்கள் அடங்கியிருக்கின்றன. இடம் கிடைக்கும் வரை நிற்பது, உட்கார்ந்த பிறகு உணவு வரும் வரை இருப்பது, உண்பது, பில் வரும் வரை இருப்பது என்று தனித்தனியாகப் பார்த்தால், உண்ணும் நேரம் எல்லா வகைக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மனிதர் ஒரு வேளை உணவைச் சாப்பிட 15 முதல் 25 நிமிடம் எடுத்துக்கொள்கிறார். அது 100 ரூபாய்ச் சாப்பாடாக இருந்தாலும் 400 ரூபாய் உணவாக இருந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவதெல்லாம் காத்திருப்பே. விலை ஏற ஏற அதுவும் ஏறுகிறது என்பதைத்தான் பில்லில் உள்ள நேரங்கள் காட்டுகின்றன.

அந்த விலைகள் எப்படி நிற்கின்றன என்பதை நாற்காலியின் கணக்கில் பார்க்கலாம். மதியம் 12 முதல் 3 வரை மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மெஸ்ஸில் ஒரு நாற்காலியில் ஒருவர் 25 நிமிடம் இருந்தால், துடைப்பது, ஆள் மாறுவது எல்லாம் போக ஆறு பேர் உட்கார்ந்து எழுவார்கள். தலைக்கு 100 ரூபாய் என்றால் அந்த நாற்காலி 600 ரூபாய் ஈட்டும். குடும்பத்தோடு போகிற ஏசி உணவகத்தில் ஒருவர் இருக்கும் நேரம் 80 அல்லது 90 நிமிடம். அதே மூன்று மணி நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் அந்த நாற்காலி பயன்படும். தலைக்கு 300 ரூபாய் வாங்கினால்தான் அதுவும் 600 ரூபாயைத் தொடும். இதில் மெஸ்காரரின் 600 ரூபாயில் பாதிக்கு மேல் அரிசி, பருப்பு, காய், எண்ணெய், எரிவாயு என்றே போய்விடும், ஏனென்றால் அவர் அளவில்லாமல் போடுகிறார். மற்றவருடைய 600 ரூபாயில் மூலப்பொருளின் பங்கு குறைவு. வாடகை, மின்கட்டணம், வார நாள்களில் காலியாகக் கிடக்கும் மேசைகள் ஆகியவற்றுக்குப் பெரும்பங்கு போகும். 300 ரூபாய் கேட்பவர் மெஸ்காரரைவிட மும்மடங்கு சம்பாதிக்கிறார் என்று வெளியிலிருந்து தோன்றுவது சரியன்று. அவர் நமக்கு விற்பதில் பெரும்பகுதி இடமும் நேரமும்.

இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டுவது, ஒரே ஓட்டலில் சாதாரணக் கூடமும் ஏசி கூடமும் அடுத்தடுத்து இருக்கும் அமைப்புதான். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் சைவ ஓட்டல்கள் பலவற்றில் இது உண்டு. ஒரே அடுப்பு, ஒரே சாம்பார், ஒரே பொரியல். கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனால் சாப்பாட்டின் விலை 40 முதல் 60 ரூபாய் வரை கூடுகிறது. ஒரு காலத்தில் இந்த வேறுபாட்டுக்கு வரியும் ஒரு காரணமாக இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி இல்லாத உணவகத்துக்கு 12 விழுக்காடும் ஏசி உணவகத்துக்கு 18 விழுக்காடும் விதித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் 5 விழுக்காடு என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு நாள் அறை வாடகை 7500 ரூபாயைத் தாண்டும் விடுதிகளில் இருக்கும் உணவகங்களில்தான் இன்று 18 விழுக்காடு. ஆகவே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கூடும் அந்த 60 ரூபாயில் வரிக்குப் போவது மிகச் சொற்பம்.

அந்த 60 ரூபாயை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். என் தாயாருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. பல் கட்டியிருக்கிறார், மெதுவாகத்தான் மெல்வார். சாதாரணக் கூடத்தில் ஒரு மணிக்கு அவரை உட்கார வைத்தால், பின்னால் ஒருவர் நாற்காலியின் முதுகில் கை வைத்து நிற்பதைப் பார்த்ததுமே, ரசத்துக்குச் சோறு வேண்டாம் என்று இலையை மடித்துவிடுவார். பசியோடு எழுந்திருப்பார். நிற்பவர் மீது குற்றம் இல்லை. அவருக்கு இரண்டு மணிக்கு அலுவலகம் திரும்ப வேண்டும். ஆனால் பொதுக்கூடத்தின் மலிவு, வேகமாகச் சாப்பிடத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் மலிவு என்பதை அங்கே கண்ணாரக் காணலாம். உள்ளே ஏசி கூடத்தில் அதே தாயார் 40 நிமிடம் எடுத்துக்கொண்டு, மோர் வரைக்கும் வந்து, பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடிப்பார். முதியவர்கள், கைக்குழந்தையோடு வரும் பெண்கள், கையில் கட்டுப் போட்டவர்கள் ஆகியோருக்கு அந்தக் கூடுதல் விலை நேரத்துக்கான விலை. அதைக் கொடுக்க முடியாதவர்களுக்காக, ஒரு மணி நெரிசலிலும் சுவரோரம் நான்கு நாற்காலிகளைத் தனியே விட்டுவைக்கும் ஓட்டல்காரர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

சொன்ன பிறகு சமைக்கும் உணவகத்தின் வழி வேறு. அங்கே பட்டியலில் நூற்றுக்கு மேல் பெயர்கள் இருக்கும். கோபி மஞ்சூரியன், பன்னீர் பட்டர் மசாலா, நாண், வறுத்த சோறு என்று நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக அடுப்பில் ஏற வேண்டும். நாண் தந்தூர் அடுப்பிலிருந்து வரும்போது மசாலா இன்னும் வாணலியில் இருக்கும். கும்பகோணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஆர்டர் எடுத்து முதல் தட்டு மேசைக்கு வர 35 நிமிடம் ஆவது சாதாரணம். அப்படியே எல்லாம் வந்து சாப்பிட்டு முடித்தாலும் பில் கேட்டு, பில் வந்து, அட்டையையோ யுபிஐயையோ காட்டி எழ இன்னொரு 10, 15 நிமிடம். அந்த உணவகத்தில் மிஞ்சிப்போகும் உணவு மிகக் குறைவு, ஏனென்றால் யாரும் கேட்காததை அவர்கள் சமைப்பதே இல்லை. மெஸ் முதலாளி காலை 9.30 மணிக்குத் தம் தலையில் ஏற்றுக்கொள்ளும் அபாயத்தை இங்கே முதலாளி ஏற்பதில்லை. அது வாடிக்கையாளரின் காத்திருப்பாக மாறி மேசைக்கு வந்துவிடுகிறது. கூடுதல் விலையும் கொடுத்து அந்தக் காத்திருப்பையும் நாமே சுமக்கிறோம் என்றாலும், நான்கு பேர் கூடிப் பேசுவதற்கு வேறு இடம் இல்லாத ஊர்களில் அந்தக் காத்திருப்பே சிலருக்கு வேண்டியதாக இருக்கிறது. பள்ளி இறுதித் தேர்வு முடிந்த மாணவர்களும், பெண் பார்க்க வந்த இரு வீட்டாரும் அங்கே உணவுக்காக மட்டும் உட்காருவதில்லை.

இவ்வகை உணவகங்களில் பில்லை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. சேவைக் கட்டணம் என்று தாமாகவே சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நம் பக்கத்துச் சிற்றூர்களில் அந்தக் கட்டணத்தைக் காண்பது அரிது. சிறிய ஓட்டல்கள் பலவும் வரியில் தொகுப்புத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும். அவர்கள் தம் விற்பனையில் 5 விழுக்காட்டைத் தாமே கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. அப்படிப்பட்ட கடையில் பில்லின் கீழே ஜிஎஸ்டி தனியே ஏறியிருந்தால் தயங்காமல் கேட்கலாம்.

மாலைச் சிற்றுண்டி இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. இட்லி, பொங்கல், வடை ஆகியவை முன்பே முடிந்தவை. சொன்ன உடனே வரும். தோசை அப்படியன்று. கல்லில் ஒரே நேரத்தில் ஊற்ற முடிகிற தோசைகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. இரவு 7.30 மணிக்குக் கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்து அதில் இருபது பேர் ரவா தோசை கேட்டால், கடைசி ஆளுக்கு 25 நிமிடம் ஆகத்தான் செய்யும். ரவா தோசை சாதாத் தோசையைவிட நெடுநேரம் கல்லில் கிடக்க வேண்டியது. எனவே பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இட்லியோடு நிறுத்திக்கொள்வார்கள். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்துக்கே உரிய கடப்பா வைக்கும் நாளாக இருந்தால் அந்த இட்லியே விருந்து. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் கடப்பாவைச் சில ஓட்டல்கள் குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் வைப்பார்கள். அதற்கென்று வருபவர்கள் கல்லைப் பார்த்துக் காத்திருப்பதில்லை. டிகிரி காபி வேறு கணக்கு: டிக்காஷன் இறங்கியிருக்கும், பால் கொதித்துக்கொண்டே இருக்கும், பித்தளை டபராவில் வருவதற்கு மூன்று நிமிடம், ஆற்றிக் குடிக்க ஐந்து நிமிடம். 25, 30 ரூபாய்க்கு ஒரு நாற்காலியில் இருபது நிமிடம் யாரும் எழுப்பாமல் உட்கார விடும் இடம் காபிக் கடைதான். ஒரு மணி நெரிசலில் 100 ரூபாய் கொடுத்தாலும் அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

பிரியாணிக் கடையும் மெஸ்ஸைப் போன்றதே. 12 மணிக்குத் தம் உடைத்து அண்டாவைத் திறந்தால் இரண்டரை மணிக்குள் அது காலியாக வேண்டும். புரட்டாசி மாதத்தில் அண்டாவின் அளவையே குறைத்துவிடுவார்கள். கடற்கரைப் பக்கம் போனால் கணக்கு மாறுகிறது. நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் மசாலா தடவிய மீன்களைக் கடை வாசலில் அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் காட்டுகிற மீனைக் கல்லில் போட்டு வறுத்துத் தருவார்கள். சாப்பாடு உடனே வரும், மீன் பத்து நிமிடம் கழித்து வரும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மீனைக் காட்டிவிட்டுத்தான் கை கழுவப் போவார்கள். விலை மீனின் அளவைப் பொறுத்தது, ஆகவே வறுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வஞ்சிரம் வாங்குவதென்றால் சாப்பாட்டின் விலையைவிட மீனின் விலை பல மடங்கு நிற்கும். ஆகஸ்டு 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறிச் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழா நாள்களில், விலை எதுவானாலும் இடம் கிடைப்பதே பெரிது.

விலை ஏறக்குறைய இல்லாத இடங்களில் நேரம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிப் பிற மாநகராட்சிகளுக்கும் விரிந்த அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று வைத்தார்கள். தட்டை வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டால் 10 நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். ஆனால் குறித்த நேரத்துக்குள் போக வேண்டும், மதியத்தில் கலந்த சாதத்தைத் தவிர வேறு கேட்க முடியாது. கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கும் மருத்துவமனையில் உடனிருப்பவர்களுக்கும் அது செய்யும் உதவி பெரிது. கோயில் அன்னதானத்தில் விலையே இல்லை, நேரம்தான் முழு விலை. 2002இல் தொடங்கிய அன்னதானத் திட்டம் இப்பகுதிக் கோயில்கள் பலவற்றில் மதிய வேளையில் நடக்கிறது. ஸ்ரீரங்கத்தில் 2012 முதல் நாள் முழுவதும் நடக்கிறது. பந்தி பந்தியாக உட்கார வைப்பதால், கூட்ட நாளில் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ வரிசையில் நிற்க வேண்டிவரும். இந்த வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. இராமேசுவரம் போகிறவர்களுக்காகத் தஞ்சை மராத்திய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டி உணவளித்தார்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பெரியது.

மருத்துவமனையைச் சொன்னதால் பொட்டலச் சாப்பாட்டை விட்டுவிட முடியாது. மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டால் 100 ரூபாய் என்றால், பொட்டலம் 110 அல்லது 120 ரூபாய். ஆனால் பொட்டலத்தில் கட்டும் சோறு ஓர் ஆள் சாப்பிடுவதைவிட அதிகம். உள்நோயாளியைக் கவனிக்கும் மனைவியும் அவருடன் வந்த தங்கையும் ஒரே பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பேராகச் சாப்பிடுவதைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்து மரத்தடியில் எந்த மதியமும் காணலாம். தலைக்கு 60 ரூபாயில் இரண்டு பேர் வயிறு நிறையும், அவசரப்படுத்த ஆள் இல்லை. பொட்டலம் கட்டும் மெஸ் ஊழியர்களுக்கு இது தெரியும். ‘ரெண்டு பேரா அக்கா?’ என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி சோற்றை அமுக்கி வைத்து இலையை மடிக்கும் கையை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கரண்டிச் சோறு எந்தக் கணக்கிலும் ஏறாது, ஏற வேண்டியதும் இல்லை.

செயலியில் வரவழைத்துச் சாப்பிடுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடையில் உள்ள விலையைவிடச் செயலியில் விலை பெரும்பாலும் கூடுதல். அதன் மேல் கொண்டுவரும் கட்டணம். கடையில் 20 நிமிடம் ஆவதற்கு வீட்டில் 40 நிமிடம் ஆகிறது, ஆனால் அந்த 40 நிமிடத்தில் வேறு வேலை பார்க்கலாம். நடக்க முடியாதவர்களுக்கு அது நல்லது. பந்திச் சாப்பாட்டுக்கு அது பொருந்தாது. மூன்றாவது தடவை ரசம் கேட்க முடியாது.

என்னை உண்மையாகவே கவலைப்பட வைப்பது வேறொன்று. கடைகளுக்கான 19 கிலோ எரிவாயு உருளையின் விலையை எண்ணெய் நிறுவனங்கள் வழக்கமாக ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் மாற்றியமைக்கின்றன. மெஸ்காரர்களால் அந்த மாற்றத்துக்கு ஏற்ப மாதந்தோறும் சாப்பாட்டு விலையை மாற்ற முடியாது. விலையை ஏற்றினால் வழக்கமான ஆள்கள் போய்விடுவார்கள் என்ற அச்சத்தில் அவர்கள் நேரத்தைக் குறைக்கிறார்கள். முன்பு மூன்றரை வரை இருந்த சாப்பாடு மூன்றாகி, இப்போது பல இடங்களில் இரண்டரைக்கே முடிந்துவிடுகிறது. அரிசியையும் பயந்து பயந்தே போடுகிறார்கள். பேருந்து ஓட்டுநர், நடத்துநர், மருந்து நிறுவனப் பிரதிநிதி, மருத்துவமனையில் மதியம்தான் சீட்டு கிடைத்தவர், இரண்டே முக்காலுக்கு மயிலாடுதுறைச் சந்திப்பில் இறங்குகிறவர் ஆகியோருக்கு அப்போது மீதி இருப்பது சொன்ன பிறகு சமைக்கும் உணவகம் மட்டுமே. நேரமும் பணமும் மிகவும் இறுக்கமாக இருப்பவர்கள்தாம் அங்கே போய் இரண்டையும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மயிலாடுதுறையில் நான் கணக்கு எழுதும் மெஸ் ஒன்றில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டரை மணிக்குப் பந்தியை நிறுத்தியதும், மீதமுள்ள சோற்றில் ஒரு பங்கைச் சாம்பாரோடு கிளறி நெய் விட்டுச் சாம்பார் சாதமாகவும், ஒரு பங்கைக் கடுகு, இஞ்சி தாளித்துத் தயிர் சாதமாகவும் ஆக்கிவிடுகிறார்கள். தட்டு 40 ரூபாய், ஊறுகாயும் அப்பளமும் உண்டு. நான்கு மணி வரையோ தீரும் வரையோ கிடைக்கும். வந்தவர் 10 நிமிடத்தில் சாப்பிட்டுப் போகிறார். கூட்டம் கலைந்த நேரம் என்பதால் மெதுவாகச் சாப்பிட விரும்பும் முதியவர்களும் இப்போது மூன்று மணிக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களை யாரும் எழுப்புவதில்லை. மிஞ்சுவதற்கு ஒரு வழி இருக்கிறது என்று ஆனதும், முதலாளி காலையில் இரண்டு படி அரிசியைப் பயமில்லாமல் கூடுதலாகப் போடுகிறார். அவருடைய பேரேட்டில் அரிசிக் கொள்முதல் சற்றே ஏறியிருக்கிறது. இரண்டரைக்கும் நான்கு மணிக்கும் இடையில் வரும் வரவு என்று ஒரு புதிய பத்தி சேர்ந்திருக்கிறது. ‘சாப்பாடு தீர்ந்துவிட்டது’ என்ற பலகை இரண்டு மணிக்கே வெளியே வரும் நாள்களும் குறைந்திருக்கின்றன.